வகுப்பு ஆன்லைனில், படிப்பு கிளினிக்கில்

“ஆன்லைன் டாக்டரேட்தானே, வேலையை விடாமலே முடித்துவிடலாம் இல்லையா?” அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் நர்சுகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். முடிக்கலாம். நானும் ஒரு கிளினிக்கில் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனராக, அதாவது நோயாளிகளைப் பரிசோதித்து மருந்து எழுதும் உயர்நிலை நர்ஸாக, வேலை பார்த்துக்கொண்டேதான் டிஎன்பி என்ற நர்சிங் டாக்டரேட்டை முடித்தேன். ஆனால் லேப்டாப்பில் நடந்தது இந்தப் படிப்பின் சுலபமான பாதி. கஷ்டமான பாதி முழுக்க நேரில் நடந்தது. பயிற்சிக்கு இடம் கேட்டு நிற்பது, கையெழுத்துக்குக் காத்திருப்பது, தங்கள் வேலையையே செய்ய நேரமில்லாதவர்களிடம் போய் அந்த வேலையைக் கொஞ்சம் மாற்றிச் செய்யுங்கள் என்று கேட்பது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்த இரண்டாம் பாதியை யோசித்தவர்கள் நிம்மதியாகப் படித்தார்கள். என்னுடன் சேர்ந்தவர்களில் கட்டணத்தையும் பெயரையும் மட்டும் பார்த்து வந்த சிலர் நடுவில் தவித்ததைப் பார்த்தேன்.

டிகிரி முடிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து சித்தப்பா போனில் கேட்டார்: “ஏம்மா, அப்ப இனிமே நீ டாக்டரா? மருந்தெல்லாம் எழுதலாமா?” மருந்து இப்பவே எழுதிக்கிட்டுதான் இருக்கேன் சித்தப்பா என்றேன். “அப்புறம் எதுக்கும்மா மறுபடியும் படிப்பு?” என்றார். நியாயமான கேள்விதான்.

டிஎன்பி என்பது நர்சிங் பிராக்டிஸுக்கான டாக்டரேட். பிஎச்டி படிப்பவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி செய்கிறார். டிஎன்பி படிப்பவர், ஏற்கெனவே நிரூபணமான ஒன்று தன் கிளினிக்கில் ஏன் நடக்கவில்லை என்று பார்த்து, அதை நடக்க வைக்கப் பாடுபடுகிறார். கென்டக்கி பல்கலைக்கழகம் 2001-ல் இந்தப் படிப்பைத் தொடங்கியது. 2004 அக்டோபரில், நர்சிங் கல்லூரிகளின் சங்கமான ஏஏசிஎன் ஒரு முடிவெடுத்தது: நர்ஸ் பிராக்டிஷனர் போன்ற உயர்நிலைப் பணிகளுக்கான படிப்பு 2015-க்குள் டாக்டரேட் நிலைக்கு மாற வேண்டும் என்று. 2015 வந்தது, போனது. மயக்க மருந்து தரும் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட் படிப்பு மட்டும் உண்மையிலேயே மாறியது. 2022 ஜனவரியிலிருந்து புதிதாகச் சேர்பவர்கள் அந்தத் துறையில் டாக்டரேட் படிப்பில்தான் சேர முடியும். நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் அமைப்பு 2018-ல் கூடி, 2025-க்குள் நாங்களும் மாறிவிடுவோம் என்றது. அது ஓர் இலக்குதான், சட்டம் இல்லை. மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு சர்டிஃபிகேஷன் தேர்வு எழுதி, நோயாளிகளைப் பார்க்கிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள்.

அதனால் வெளிப்படையாகவே சொல்கிறேன். சம்பளம் உயரும் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதீர்கள். கிளினிக்கில் நோயாளி பார்க்கும் வேலைக்கு, மாஸ்டர்ஸ் படித்தவருக்கும் டிஎன்பி படித்தவருக்கும் ஒரே சம்பளம் கொடுக்கும் இடங்கள் நிறைய. கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும், தரமேம்பாட்டுப் பொறுப்புக்குப் போக வேண்டும், நிர்வாகத்தில் உட்கார வேண்டும் என்பவர்களுக்கு டிகிரி கைகொடுக்கும். எனக்குப் பாடம் எடுக்கும் ஆசை. அதோடு, கிளினிக்கில் வருஷக்கணக்காகக் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ய ஒரு சாக்கும் வேண்டியிருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கல்லூரி தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது அங்கீகாரம். நர்சிங் படிப்புகளை மதிப்பிடும் அமைப்புகளான சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் தரும் அங்கீகாரம் அந்தக் கல்லூரிக்கு மட்டும் இருந்தால் போதாது, அந்த டிஎன்பி படிப்புக்கே இருக்க வேண்டும். அடுத்தது மாநிலம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஆன்லைன் படிப்பு என்றாலும் எல்லா மாநிலத்து மாணவர்களையும் எல்லாக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ள முடியாது. எந்தெந்த மாநிலங்களிலிருந்து சேர்ப்பதில்லை என்ற பட்டியலைத் தேடிப் படியுங்கள். நடுவில் கணவருக்கோ மனைவிக்கோ வேலை மாறி வேறு மாநிலம் போக வேண்டிவந்தால் என்ன ஆகும் என்பதையும் சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸுக்கு இருக்கும் பல மாநில ஒப்பந்தம் நர்ஸ் பிராக்டிஷனர் லைசென்ஸுக்குச் செல்லாது. அது மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக வாங்க வேண்டியது.

மூன்றாவதாக, மணிக்கணக்கு. பிஎஸ்சிக்குப் பிறகு செய்த மேற்பார்வையோடு கூடிய பயிற்சி மொத்தம் 1000 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று ஏஏசிஎன் 2006-ல் வகுத்தது. 2021-ல் வந்த புதிய பதிப்பு மணிக்கணக்கைவிடத் திறனுக்கு முக்கியத்துவம் கொடுத்தாலும், பல கல்லூரிகள் 1000 மணி நேரத்தை இன்னும் விடவில்லை. என்னைப்போல் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டுச் சேர்கிறவர்களுக்குப் பழைய பயிற்சி நேரத்தைக் கழித்துக்கொள்வார்கள், மீதியைச் செய்தால் போதும். ஆனால் அதற்கு மாஸ்டர்ஸ் படித்த கல்லூரியிலிருந்து இத்தனை மணி நேரம் செய்தார் என்று கடிதம் வர வேண்டும். டிரான்ஸ்கிரிப்டில் அது இருக்காது. அந்தக் கடிதத்தை விண்ணப்பம் போடும் முன்பே கேட்டு வாங்குவது நல்லது.

இன்னொன்று. பிஎஸ்சியிலிருந்து நேராக டிஎன்பிக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க பிரிசெப்டர், அதாவது கிளினிக்கில் கூடவே இருந்து மேற்பார்த்துக் கற்றுத்தருபவர், வேண்டும். அந்த பிரிசெப்டரைக் கல்லூரி தேடித் தருமா, மாணவர் தேட வேண்டுமா? இதை நேரடியாகக் கேளுங்கள். ‘நாங்கள் உதவுவோம்’ என்று பதில் வந்தால், தேடுவது நீங்கள்தான் என்று அர்த்தம். ஒரு சிநேகிதி கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினார். கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு பிரிசெப்டரை ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்திடம் போனார். அந்தச் செலவு கல்லூரியின் கட்டண விவரத்தில் எங்கேயும் இல்லை. நல்ல பிரிசெப்டர் கிடைத்தாலும் கல்லூரிக்கும் அந்த கிளினிக்குக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். இரண்டு பக்கத்து வக்கீல்களும் பார்த்து முடிக்க மாதங்கள் ஆகும். ஆகவே ‘எந்த மருத்துவமனைகளோடு உங்களுக்கு ஏற்கெனவே ஒப்பந்தம் இருக்கிறது, பட்டியல் தர முடியுமா’ என்பதுதான் அட்மிஷன் அலுவலரிடம் கேட்க வேண்டிய உருப்படியான கேள்வி.

இந்தியாவிலிருந்து நேராக விண்ணப்பிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்க ஆர்என் லைசென்ஸ் கேட்கும், அதுவும் பயிற்சி நடக்கும் மாநிலத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ். முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு எஃப்-1 மாணவர் விசாவும் கிடைக்காது. இங்கே ஏற்கெனவே இருப்பவர்களிடமும் சில கல்லூரிகள் இந்திய மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பீடு செய்து கேட்கும். பழைய பல்கலைக்கழகத்திலிருந்து உறை பிரிக்காமல் பட்டியல் வந்து சேர்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விண்ணப்ப வேலையில் முதலில் தொடங்க வேண்டியது இதைத்தான்.

பணம். ஒரு கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று போட்டிருப்பதை மொத்த கிரெடிட்டால் பெருக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். டெக்னாலஜி கட்டணம், பயிற்சிக் கட்டணம், கேம்பஸுக்கு வரச் சொல்லும் நாட்களின் விமானச் செலவு, ஹோட்டல் எல்லாம் சேர வேண்டும். முதலாளி கொடுக்கும் படிப்பு உதவியில் வருஷத்துக்கு 5,250 டாலர் வரை வரி கட்ட வேண்டிய உங்கள் வருமானத்தில் சேராது. பல மருத்துவமனைகள் உதவித்தொகையை அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதற்கு அதுதான் காரணம். ஆகவே ஒரு வருஷத்துக்குள் எல்லா கிரெடிட்டையும் திணிக்காமல், காலண்டர் வருஷங்களில் பரவும்படி படித்தால் அந்தத் தொகையை ஒவ்வொரு வருஷமும் வாங்கலாம். பணம் வாங்கினால் இத்தனை வருஷம் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும், அதையும் படியுங்கள். அரசுக் கல்விக்கடன் கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கிடைக்கும், எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கான எச்-4ல் இருப்பவர்களுக்கும் கிடையாது. மேற்படிப்பு மாணவர்களுக்கு அரசு தந்துவந்த கிராட் பிளஸ் என்ற கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு இல்லை என்று 2025-ல் சட்டம் வந்துவிட்டது. பழைய மாணவர்கள் சொல்லும் கடன் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம்.

வாராவாரம் நடக்கும் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வாரத்தின் நடுவில் ஒரு விவாதக் கேள்விக்கு ஆதாரங்களோடு பதில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் சக மாணவர்கள் இரண்டு பேருக்காவது மறுமொழி எழுத வேண்டும். ‘உங்கள் கருத்து அருமை’ என்று தொடங்கும் மறுமொழிகளை எழுதியும் படித்தும் களைத்துப்போனேன். இந்த விவாதங்களில் பாதியை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்றே ஒன்று உதவியது: எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி வந்தாலும் அதை, டிஎன்பி முடிக்க கிளினிக்கில் செய்ய வேண்டிய என் புராஜெக்டின் தலைப்போடு இணைத்தே எழுதினேன். கொள்கைப் பாடத்திலும், புள்ளியியல் பாடத்திலும், பொருளாதாரப் பாடத்திலும் அதே தலைப்பு. கடைசி வருஷம் வந்தபோது படித்த கட்டுரைகளெல்லாம் ஸோட்டிரோ என்ற மேற்கோள் சேகரிக்கும் மென்பொருளில் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. நர்சிங் துறைக்கென்று இருக்கும் நூலகரிடம் ஜூமில் நேரம் கேட்டு உட்காருங்கள். சினால், பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தளங்களில் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவது என்று அவர் காட்டித் தருவது ஒரு முழுப் பாடத்துக்குச் சமம். இந்த வசதியை மாணவர்கள் ஏன் பயன்படுத்துவதில்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

சரி, புராஜெக்டுக்கு வருகிறேன்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறையாவது பாதத்தை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல். 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்று ஒரு மெல்லிய நைலான் இழை இருக்கிறது. அதைப் பாதத்தில் வைத்து, இழை லேசாக வளையும் வரை அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் உணர்வு போய்விட்டது, காலில் புண் வந்தாலும் அவருக்கு வலி தெரியாமல் போகலாம். கூடவே டியூனிங் ஃபோர்க் என்ற, தட்டினால் அதிரும் உலோகக் கவையை வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும் பார்க்கலாம். சில நிமிட வேலைதான். எங்கள் கிளினிக்கில் இது பலருக்கு நடக்கவில்லை. ஏன் என்று பேராசிரியர்கள் கேட்டால் ‘நேரமின்மை, விழிப்புணர்வுக் குறைவு’ என்று எழுதி வைப்போம். அறைக்குள் போய்ப் பார்த்தால் காரணம் வேறு: நோயாளி ஷூவோடு உட்கார்ந்திருக்கிறார்.

நான் உள்ளே நுழையும்போது அவர் ஷூவும் சாக்ஸும் போட்டு, லேஸ் கட்டி, சட்டைக் கையை மடித்து பிபி பார்த்து முடித்து உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு ஷூவைக் கழற்றச் சொன்னால், எழுபது வயதுக்காரர் குனிந்து லேஸை அவிழ்ப்பதற்குள் அவருக்கான நேரத்தில் பாதி போய்விடும். ‘அடுத்த முறை பார்க்கலாம்’ என்று விட்டுவிடுவோம். அடுத்த முறையும் ஷூ காலிலேயே இருக்கும்.

ஷூ எப்போது கழற்றப்படும் என்பதைத் தீர்மானிப்பவர் நோயாளியை அறைக்குள் கூட்டிவரும் மெடிக்கல் அசிஸ்டென்ட். ஆகவே மெடிக்கல் டைரக்டரின் ஒப்புதலை வாங்கிவிட்டு, அடுத்து மெடிக்கல் அசிஸ்டென்டுகளுடன் மதிய இடைவேளையில் உட்கார்ந்தேன். அவர்களில் மூத்தவர் நேராகவே கேட்டார்: “ஷூ கழற்ற நான் உதவினால் எனக்கு ரூமிங் நேரம் கூடுது. அதைக் கணக்குப் பார்க்கிறது மேனேஜர். அவர்கிட்ட நீங்க பேசியாச்சா?” ரூமிங் என்றால் நோயாளியை அறைக்குள் கூட்டிவந்து தயார்செய்வது. அந்த ஒரு கேள்வி என் திட்டத்தையே மாற்றியது. சர்க்கரை நோயாளிகளுக்கு ரூமிங் நேரம் கொஞ்சம் கூடினால் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை என்று மேனேஜர் எழுதிக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கியது. பிபி கஃப் சுற்றுவதற்கு முன்பே ஷூவைக் கழற்றச் சொல்வது என்று வரிசையை மாற்றினோம். குனிய முடியாதவர்களுக்காக நீளமான ஷூ ஹார்ன் ஒவ்வோர் அறையிலும் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதை யோசனையாகச் சொன்னதும் அந்த மூத்தவர்தான். என் இறுதி அறிக்கையில் நன்றிப் பகுதியில் முதலில் இருப்பது அவருக்கான நன்றி.

மோனோஃபிலமென்ட் பற்றி ஒரு சின்ன விஷயம், பலருக்குத் தெரியாது. ஒரே இழையை ஒரே நாளில் நிறையப் பேருக்குப் பயன்படுத்தினால் அது தளர்ந்துவிடும், 10 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே வளைய ஆரம்பிக்கும். ஓய்வு கொடுத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும். ஆகவே அறைக்கு ஒன்று என்று வாங்கி வைத்தோம்.

அடுத்த சிக்கல் டேட்டா. கம்ப்யூட்டரில் பாதப் பரிசோதனைக்கென்று தனிக் கட்டம் இருந்தும், எங்களில் பலர் குறிப்புப் பகுதியில் ஒரு வரியாகத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ரிப்போர்ட் எடுத்தால் கட்டத்தில் இருப்பது மட்டும்தான் கணக்கில் வரும். அதாவது, செய்த பரிசோதனையும் செய்யாததாகவே காட்டும். புராஜெக்ட் தொடங்கும் முன் இருந்த நிலையைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு சார்ட்டையும் கையால் திறந்து படிக்க வேண்டியிருந்தது. நீங்கள் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இந்த எண் எங்கே பதிவாகிறது, அதை யார் எடுத்துத் தருவார், அவர் எனக்குத் தர அனுமதி இருக்கிறதா? இதற்கு விடையில்லாத தலைப்பு எவ்வளவு உன்னதமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் உங்கள் சொந்த லேப்டாப்புக்கு வரவே கூடாது. கிளினிக் கம்ப்யூட்டரில் எந்த எண் யாருக்கு என்ற ஒரு சாவிப் பட்டியல், உங்கள் எக்ஸெல்லில் வெறும் வரிசை எண், அவ்வளவுதான்.

அனுமதி வாங்குவதற்கு நான் காத்திருந்த காலம் புராஜெக்ட் நடந்த காலத்தைவிட நீண்டது. கல்லூரிக்கு ஓர் ஐஆர்பி (மனிதர்கள் மீதான ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கும் குழு), கிளினிக் சார்ந்த மருத்துவமனைக்கு ஒன்று. இரண்டும் பார்த்து, இது மனிதர்கள் மீதான ஆராய்ச்சி இல்லை, தரமேம்பாடு என்று சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தின் கடிதத்தைக் கேட்கும், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தின் கடிதத்தைக் கேட்கும். மின்னஞ்சல்களுக்கு நடுவில் ஒரு செமஸ்டரே கரைந்தது. யாருக்கு முதலில் அனுப்புவது என்று கல்லூரியின் புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் ‘கருதுகோள்’, ‘பங்கேற்பாளர்’ மாதிரியான ஆராய்ச்சிச் சொற்களைத் தவிருங்கள், அவற்றைப் பார்த்தாலே கேள்விகள் வரும். கடிதம் கையில் வந்த பிறகு, அறிக்கையில் ‘ஐஆர்பி ஒப்புதல் பெறப்பட்டது’ என்று எழுதக் கூடாது. அவர்கள் ஒப்புதல் தரவில்லை, இது தங்கள் ஒப்புதல் தேவைப்படாதது என்று தீர்மானித்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைத் தேர்வுக் குழு கவனமாகப் பார்க்கும்.

புள்ளியியலுக்குப் பயப்படாதீர்கள். பெரும்பாலான புராஜெக்டுகளுக்கு ஒரு ரன் சார்ட் போதும். வாரவாரியாகச் சதவீதத்தைப் புள்ளியாக வைத்து, நடுவில் மீடியன், அதாவது நடுமதிப்பு, கோடு. தொடர்ந்து 6 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் கோட்டின் ஒரே பக்கத்தில் நின்றால் மாற்றம் நிஜமானது என்று எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கோடு முதலில் ஏறியது, ஒரு புது மெடிக்கல் அசிஸ்டென்ட் சேர்ந்த வாரத்தில் சரிந்தது, அவருக்குக் கற்றுக்கொடுத்த பிறகு மறுபடி ஏறியது. அந்தச் சரிவை மறைக்காமல் வரைபடத்திலேயே அம்புக்குறி போட்டுக் காட்டினேன். இறுதி நேர்காணலில் கேட்ட கேள்விகளில் பாதி அந்த அம்புக்குறியைப் பற்றித்தான். நீங்கள் போன பிறகு புதிதாக வருகிறவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பார் என்று குழுவில் ஒருவர் கேட்டார். புது ஊழியர் பயிற்சிப் பட்டியலில் இந்த வரிசையைச் சேர்த்து மேனேஜர் கையெழுத்திட்ட தாளைத் திரையில் காட்டினேன். அறிக்கை எழுதும்போது ஸ்குவையர் 2.0 என்ற வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எதை விட்டோம் என்று தெரியும். தரமேம்பாட்டு அறிக்கைகளுக்கென்றே அது இருக்கிறது.

குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஷிஃப்ட் அட்டவணையும் கல்லூரி அட்டவணையும் ஒரே காலண்டரில் வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி இருந்ததால் சண்டை குறைந்தது. இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டிகிரி வந்ததும் ஐடி கார்டில் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா என்று எல்லோருக்கும் ஆசை வரும். கல்லூரியில், மாநாட்டில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நோயாளிகளின் முன் அந்தப் பட்டத்தை யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்பதில் மாநிலச் சட்டங்கள் வேறுபடுகின்றன, சில மாநிலங்கள் கறாரானவை. உங்கள் மாநில நர்சிங் போர்டின் விதியையும் வேலை பார்க்கும் இடத்தின் விதியையும் படித்துவிட்டு கார்டு அச்சடிக்கக் கொடுங்கள். என் கார்டில் பெயருக்குப் பின்னால் டிஎன்பி என்று இருக்கிறது. நோயாளியிடம் பேசும்போது நான் நர்ஸ் பிராக்டிஷனர் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன், அதற்குள் ஷூவைக் கழற்றியிருக்கிறாரா என்று கண் கீழே போய்விடும்.